எடைமேடை சாஃப்ட்வேர் லினக்ஸுக்குக் குடி வருமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிந்ததையும், விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடாமல் லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டலாம் என்பதையும் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்வி: "லினக்ஸ் நன்றாகத்தான் ஓடுகிறது, என் சாஃப்ட்வேர் ஓடவில்லையே?" நியாயம்தான். கடைக்காரருக்குக் கம்ப்யூட்டர் என்றால் பில் போடும் சாஃப்ட்வேர். அதற்கு அடியில் எது இருந்தால் அவருக்கு என்ன? ஆகவே இந்த இதழில் முழுக்க, விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டித் தரும் வைன் என்ற சாஃப்ட்வேர் சமாசாரம். (குடிக்கிற வைன் என்று ஆவலோடு வந்தவர்கள் மன்னிக்கவும்.) சேலத்தில் 27 வருடமாக சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். கையைச் சுட்டுக்கொண்ட இடங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். கட்டளைகளை அப்படியே அச்சிட்டால் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் வம்பு. அதனால் பெயர்களை மட்டும் ஒலிப்படி தருகிறேன், தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், எங்கள் எடைமேடையில் 2006-இல் உள்ளூர்ப் பையன் ஒருவர் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர்தான் இன்றும் ஓடுகிறது. எழுதியவர் இப்போது துபாயில். லினக்ஸ் மின்ட் போட்டு, வைன் போட்டு, சாஃப்ட்வேரையும் ஏற்றிவிட்டோம். திரை வருகிறது, பழைய கணக்கெல்லாம் தெரிகிறது. எடை மட்டும் சைபரிலேயே நிற்கிறது. லாரிக்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். என்ன செய்வது?
– எடைமேடை உரிமையாளர், நாமக்கல் மாவட்டம்

பதில்: திரை வந்து, பழைய கணக்கும் தெரிகிறது என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். 2006-இல் உள்ளூரில் எழுதியது என்றால் பெரும்பாலும் விஷுவல் பேசிக் 6 (சுருக்கமாக விபி 6) என்ற புரோகிராம் மொழி, பின்னால் ஆக்சஸ் டேட்டாபேஸ். அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்த சாஃப்ட்வேரில் பாதி இந்த ஜோடிதான்.

எடை வராததற்குக் காரணம் வாசல் குழப்பம். மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்லிலிருந்து எடையைக் காட்டும் இண்டிகேட்டருக்கும், இண்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கும் எடை வருகிறது. உங்கள் சாஃப்ட்வேர் 'காம் 1' என்ற போர்ட்டில் காதை வைத்துக் காத்திருக்கிறது. லினக்ஸில் காம் 1 என்று எதுவும் கிடையாது. ஒன்பது பின் வைத்த பழைய போர்ட்டுக்கு டிடிஒய்-எஸ்-0 என்று பெயர், யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக வந்தால் டிடிஒய்-யுஎஸ்பி-0. வைன் இவற்றை வரிசையாக எண்ணிக் காம் நம்பர் கொடுக்கும். இங்கேதான் வேடிக்கை. உபுண்டு லினக்ஸிலும் மின்டிலும் பழைய வகைப் போர்ட்டுக்கு, நிஜத்தில் இருக்கிறதோ இல்லையோ, 32 இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை அவற்றுக்கே போய்விட, உங்கள் யுஎஸ்பி கன்வெர்ட்டருக்குக் கிடைப்பது காம் 33. விபி 6-இல் போர்ட்டைப் படிக்கும் எம்எஸ்காம் என்ற துணைக்கோப்புக்கோ 16-க்கு மேல் எண்ணவே தெரியாது. இண்டிகேட்டர் முப்பத்து மூன்றாம் வாசலில் நின்று கத்துகிறது, சாஃப்ட்வேர் முதல் வாசலில் தவம் கிடக்கிறது.

வைனைத் தொடுவதற்கு முன், எடை லினக்ஸ் வரைக்கும் வந்து சேருகிறதா என்று பாருங்கள். புட்டி என்ற சின்ன புரோகிராம் லினக்ஸுக்கும் உண்டு. அதில் சீரியல் என்பதைத் தேர்ந்து, போர்ட்டின் பெயரையும் இண்டிகேட்டரில் வைத்திருக்கும் வேகத்தையும் (2400 அல்லது 9600 இருக்கும்) கொடுத்தால் எடை எண்கள் சரம் சரமாக ஓட வேண்டும். 'அனுமதி இல்லை' என்று வந்தால் உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். போர்ட்டே காணோம் என்றால் கன்வெர்ட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் பிஆர்எல்டிடிஒய் என்ற புரோகிராமைப் பாருங்கள். பார்வையற்றோருக்கான பிரெய்லி கருவிகளுக்காக வைத்திருப்பது அது. விலை குறைந்த கன்வெர்ட்டர்களில் இருக்கும் சிஎச்340 சிப்பையும் பிரெய்லி கருவி என்று நினைத்து இழுத்துக்கொள்ளும். உபுண்டு 22.04 வந்த புதிதில் இதனால் நான் இரண்டு நல்ல கன்வெர்ட்டர்களைக் குப்பையில் போட்டேன். பிரெய்லி கருவி இல்லாத இடமென்றால் அந்தப் புரோகிராமை நீக்கிவிடுங்கள்.

புட்டியில் எடை வந்த பிறகுதான் வைன். வைனின் ரிஜிஸ்ட்ரி எடிட்டரை (அதன் அமைப்புகளைத் திருத்தும் கருவி) திறந்து, லோக்கல் மெஷின் பகுதிக்குள் சாஃப்ட்வேர், அதற்குள் வைன், அதற்குள் போர்ட்ஸ் என்று போங்கள். இல்லையென்றால் உருவாக்குங்கள். அங்கே காம் 1 என்ற பெயருக்கு உங்கள் நிஜ போர்ட்டின் முகவரியை மதிப்பாகக் கொடுங்கள். வைனை முழுக்க நிறுத்திவிட்டுத் திறந்தால் எடை வந்துவிடும். டிடிஒய்-யுஎஸ்பி-0 என்று முகவரி கொடுத்தால் யாராவது கேபிளைப் பிடுங்கி மாட்டியதும் அது 1 ஆகிவிடக்கூடும். சீரியல் ஃபோல்டருக்குள் 'பை ஐடி' என்று ஒன்று இருக்கும். அதில் கன்வெர்ட்டரின் சொந்தப் பெயரிலேயே முகவரி கிடைக்கும், அதைக் கொடுங்கள். எங்கே மாட்டினாலும் மாறாது. எடைச் சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு எல்பிடி 1 என்ற போர்ட் வழியாக நேராக எழுதும் சாஃப்ட்வேர் என்றால் அதற்கும் அதே இடத்தில் இதே மாதிரி ஒரு வரி. பயனர் கணக்கு எல்பி குழுவில் இருக்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேதி. ஓர் அரிசி ஆலையின் எடைமேடைக்கு இதே வேலையை ஒரு மாதத்தின் 20-ஆம் தேதி வாக்கில் செய்து கொடுத்தேன். பத்து நாள் பிரமாதமாக ஓடியது, காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் 3-ஆம் தேதி ஆலைக்காரர் போன் செய்தார்: "அண்ணே, இன்றைக்கு வந்த லோடு எல்லாம் ரிப்போர்ட்டில் காணோம்." ஏப்ரல் 3-ஐ மார்ச் 4 என்று எழுதி வைத்திருந்தது. நான் லினக்ஸை அமெரிக்க ஆங்கிலத்தில் போட்டிருந்தேன், வைன் அந்த வழக்கத்தையே எடுத்துக்கொண்டு மாதத்தை முன்னால் வைத்துவிட்டது. 13-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை தப்பே தெரியாது, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் விபி தானே புரட்டிப் போட்டுச் சரியாகப் படித்துவிடும். ஒன்று முதல் பன்னிரண்டு வரைதான் வில்லங்கம். அந்த மூன்று நாள் கணக்கை உட்கார்ந்து கையால் திருத்தினேன். சாஃப்ட்வேரைத் திறக்கும் ஐகானின் கட்டளை வரியிலேயே, மொழி, தேதி வழக்கத்தைச் சொல்லும் எல்சி-ஆல் என்பதை இந்திய ஆங்கிலம் என்று வைத்துவிடுங்கள். சோதித்துப் பார்ப்பதை மாதத்தின் முதல் வாரத்தில் செய்யுங்கள்.

டேட்டாபேஸ் கோப்பை சாயங்காலம் மேடையை மூடியதும் ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். எடைச் சீட்டு வழக்குக்குப் போகும் ஊர் நம்முடையது.

கேள்வி: வைன் எமுலேட்டர் இல்லை என்கிறார்கள். அப்படியானால் விண்டோஸ் இல்லாமல் விண்டோஸ் புரோகிராம் எப்படி ஓடுகிறது? இது சட்டப்படி சரியா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: பெயரே அதைத்தான் சொல்கிறது, 'வைன் இஸ் நாட் ஆன் எமுலேட்டர்' என்பதன் சுருக்கம் அது. பாண்டிச்சேரியில் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொள்ளம்மா. வியாபாரி தமிழில் சொல்வார், துரைக்குப் பிரெஞ்சில் போகும். சரக்கு அதே சரக்கு, பேச்சு மட்டும் மாறுகிறது. விண்டோஸ் புரோகிராமுக்குள் இருக்கும் கூட்டல் கழித்தல் எல்லாம் உங்கள் இன்டெல், ஏஎம்டி பிராசசருக்கு நேரடியாகப் புரியும் கட்டளைகள், அவற்றை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. கோப்பைத் திற, ஜன்னலை வரை, அச்சடி என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிடும் இடங்களில்தான் துபாஷி வேண்டும். வைன் அந்தக் கூப்பாட்டை வாங்கி லினக்ஸ் பேச்சில் சொல்லி, பதிலை விண்டோஸ் பேச்சில் திருப்பித் தருகிறது. எமுலேட்டர் என்றால் பிராசசரையே பொம்மையாகச் செய்து ஓட்ட வேண்டும், அது மெதுவாக நகரும்.

துபாஷிக்கு இருக்கும் சங்கடம் இதற்கும் உண்டு. அகராதியில் இல்லாத சொல் வந்தால் திணறும். விண்டோஸில் இப்படிக் கூப்பிடும் சொற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, சிலவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் எழுதிய விளக்கம் ஒன்று, நிஜத்தில் நடப்பது இன்னொன்று. புரோகிராமர்கள் நிஜத்தில் நடப்பதை நம்பியே எழுதியிருப்பார்கள். ஆகவே வைன் எழுதுபவர்கள் விண்டோஸின் பிழைகளையும் சேர்த்துப் பிழையாகவே எழுத வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 3.1 புரோகிராம்களை ஓட்டுவதற்காக 1993-இல் ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் பொறுப்பை எடுத்துக்கொண்ட அலெக்சாந்தர் ஜூலியார்தான் அதன் பிறகு தலைமை. 1.0 என்ற எண்ணைப் போட அவருக்கு மனசு வந்தது 2008 ஜூன் 17 அன்று. பதினைந்து வருடம்! நம் ஊர் மேம்பாலங்கள்கூட அதற்குள் முடிந்துவிடும்.

சட்டம்? மைக்ரோசாஃப்டின் நிரல் எதையும் நகலெடுக்காமல், வெளியிலிருந்து நடத்தையைக் கவனித்து எழுதியது வைன். அதைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. நீங்கள் அதில் ஓட்டும் புரோகிராமுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்பது வேறு விஷயம், அது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது. ஒரு சுவையான சேதி. 64-பிட் விண்டோஸில் அந்த விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் புரோகிராம்கள் ஓடாது. வைனில் பல இன்னும் ஓடுகின்றன.

கேள்வி: அண்ணா, சிவகாசியில் டிடிபி வேலை செய்கிறேன். பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும்தான் கைப்பழக்கம். காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று 15 வருட வேலை ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. லினக்ஸுக்குப் போனால் இதெல்லாம் என்ன ஆகும்?
– டிடிபி ஆபரேட்டர், சிவகாசி

பதில்: தம்பி, இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எழுத்துரு ஒன்று, பேஜ்மேக்கர் ஒன்று.

எழுத்துருவில் பயமே வேண்டாம். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி. நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துருக் கோப்பை உங்கள் லினக்ஸ் எழுத்துரு ஃபோல்டரில் போட்டால் லினக்ஸ் புரோகிராம்களுக்கும் கிடைக்கும், வைனுக்குள் ஓடுபவற்றுக்கும் கிடைக்கும். பாமினி விசைப்பலகையில் நேராக அடித்துப் பழகியவருக்கு வேறு கீபோர்டு சாஃப்ட்வேரே வேண்டாம். யூனிகோடில் அடிப்பவர்கள்தான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் பயன்படுத்திய தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேரை வைனுக்குள் ஏற்ற முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். கீபோர்டு லினக்ஸ் பக்கம் இருக்க வேண்டும். ஐபஸ், கூடவே எம்17என் என்ற பொதி. அதில் தமிழ்99, ஒலியியல், டைப்ரைட்டர் எல்லாம் இருக்கின்றன.

பேஜ்மேக்கர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதை வைனில் ஏற்றிவிட்டேன் என்று பெருமை பேசுபவர்களை நம்பி, தீபாவளி சீசன் காலண்டர் வேலையை அதில் எடுக்காதீர்கள். திறப்பது வேறு, பிளேட்டுக்குப் போகும் அளவுக்கு அச்சுக்கோப்பு சரியாக வருவது வேறு. வைனில் புரோகிராம் பாதியில் செத்தால் காரணம் தேட ஒரு நாள் போகும், அச்சகக்காரர் ஒரு மணி நேரம் பொறுக்கமாட்டார். உங்களிடம் இருக்கும் பழைய விண்டோஸ் லைசென்ஸை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடுவது) போடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் போதும். அதற்குள் பேஜ்மேக்கர், பாமினி எல்லாவற்றையும் அமைத்து, எல்லாம் சரியாக ஓடும் அந்த நிமிடத்தில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். என்றைக்குக் கெட்டாலும் அந்த நிமிடத்துக்குத் திரும்பலாம். ஒரே நிபந்தனை, அந்தப் பழைய விண்டோஸுக்கு இன்டர்நெட் தராதீர்கள். நெட்வொர்க்கை அணைத்துவிட்டு, கோப்புகளைப் பகிர்வு ஃபோல்டர் வழியாக மட்டும் கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள்.

அந்தப் பதினைந்து வருட வேலையில் பாதிக்குமேல் திரும்பத் திறக்கப்போவதில்லை, எடுத்துப் பார்க்கத்தான் போகிறீர்கள். அதற்கு லிப்ரே ஆபிஸ் டிராவே போதும். 4.4 பதிப்பிலிருந்து அது பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். பக்க அமைப்பு அங்கங்கே நகர்ந்திருக்கும், எழுத்தும் படமும் கிடைத்துவிடும். எழுத்தை வெளியே எடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். புது வேலைகளையாவது யூனிகோடில் ஆரம்பியுங்கள் என்று சொன்னால் உங்கள் முதலாளி என்னைத் திட்டுவார். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: ஒரு வருடமாக நன்றாக ஓடிய பில்லிங் சாஃப்ட்வேர், போன வாரம் எல்லாவற்றையும் அப்டேட் செய்த பிறகு திறப்பதே இல்லை. பழைய வைனை மீண்டும் போட்டேன். அப்போதும் வரவில்லை. ஒன்றுமே மாற்றவில்லையே ஐயா, ஏன்?
– மருந்துக்கடை, கும்பகோணம்

பதில்: நீங்கள் மாற்றவில்லை, வைன் மாற்றிவிட்டது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் 'வைன்' என்ற மறைவான ஃபோல்டர் இருக்கும். அதுதான் வைன் கட்டி வைத்திருக்கும் பொய் விண்டோஸ். உள்ளே சி டிரைவ், ரிஜிஸ்ட்ரி எல்லாம் இருக்கும். ஆங்கிலத்தில் பிரிஃபிக்ஸ் என்பார்கள், நான் கடையில் 'வீடு' என்றே சொல்வேன். வைனின் புதுப் பதிப்பு முதல்முறை ஓடும்போது 'அமைப்பைப் புதுப்பிக்கிறேன்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து மறையும், கவனித்திருப்பீர்கள். அந்த நொடியில் வீட்டுக்குள் கொத்தனார் வேலை நடக்கிறது. புதுப் பதிப்புக்கு ஏற்றபடி கோப்புகளும் ரிஜிஸ்ட்ரியும் மாறும். பழைய வைனைத் திரும்பப் போட்டாலும் வீடு பழையபடி ஆகாது. முன்னே போக வழி வைத்திருக்கிறார்கள், பின்னே வர வைக்கவில்லை.

இதை நான் அனுபவித்துத்தான் கற்றேன். ஒரு வாடிக்கையாளரின் ஹார்ட்வேர் கடையில், 'இதோ ரெண்டு நிமிஷம்' என்று அப்டேட் பொத்தானை அழுத்தினேன். இரண்டு நாள் அவர் துண்டுச் சீட்டில் பில் எழுதினார். அதற்கப்புறம் என் கடையில் சில வழக்கங்கள் வந்தன.

ஒரு சாஃப்ட்வேருக்கு ஒரு வீடு. கூட்டுக் குடித்தனம் கிடையாது. பில்லிங் சாஃப்ட்வேருக்காகப் போட்ட துணைக்கோப்பு இன்னொன்றின் கழுத்தைப் பிடிக்கும். வைன்பிரிஃபிக்ஸ் என்ற மாறியில் வேறு ஃபோல்டர் பெயரைக் கொடுத்து எத்தனை வீடு வேண்டுமானாலும் கட்டலாம். கட்டளை வரி பிடிக்காதவர்களுக்கு பாட்டில்ஸ் என்ற புரோகிராம் இருக்கிறது, அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வைன் பதிப்புகூட வைக்கலாம். அப்புறம், பதிப்பைத் தேர்ந்தெடுப்பது. வைனில் சோதனைப் பதிப்பு இரண்டு வாரத்துக்கு ஒன்று வரும், நிலையான பதிப்பு வருடத்துக்கு ஒன்று, ஜனவரியில். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு முதலாவது, கடைக்கு இரண்டாவது மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் கடையில் அதையும் வந்தவுடன் போடாதீர்கள். மின்டின் அப்டேட் மேனேஜரில் வைன் மேல் வலது கிளிக் செய்து, இந்தப் பொதியை விட்டுவிடு என்று சொல்லிவிடலாம். மற்ற பாதுகாப்பு அப்டேட்டுகள் வந்துகொண்டே இருக்கட்டும்.

அப்டேட் செய்தே ஆக வேண்டும் என்றால், முதலில் சாஃப்ட்வேரை மூடி, அந்த வீட்டு ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். ஒரு ஜிபி, இரண்டு ஜிபி இருக்கும், அவ்வளவுதான். புதுப் பதிப்பு நகலில் ஓடட்டும், அசல் பூட்டியே இருக்கட்டும். இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். நகல் இல்லை என்பதால் புதிதாக ஒரு வீட்டைக் கட்டி, சாஃப்ட்வேரை அதில் ஏற்றி, பழைய வீட்டின் சி டிரைவிலிருந்து டேட்டா கோப்பை மட்டும் எடுத்துப் போடுங்கள். பழைய வீட்டை அழித்துவிடாதீர்கள், உங்கள் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது. புதிய வைன் சிலவற்றில் 32-பிட் மட்டும் கொண்ட வீட்டைக் கட்டவே விடாது. அப்படிச் சொன்னால் பதறாமல் சாதாரண வீட்டையே கட்டிப் பாருங்கள், அதற்குள்ளும் 32-பிட் புரோகிராம் ஓடும்.

கடைசி வழக்கம், ஒரு நோட்டுப் புத்தகம். என்னிடம் இருப்பது கோடு போட்ட 192 பக்க லாங் சைஸ் நோட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்: வைன் பதிப்பு எது, துணைக்கோப்புகளை ஏற்றித் தரும் வைன்டிரிக்ஸ் வழியாக எதையெல்லாம் எந்த வரிசையில் போட்டேன், ரிஜிஸ்ட்ரியில் எதை மாற்றினேன், என்ன தேதி. விபி 6 ரன்டைம், எம்டாக், ஜெட் 4 என்று வரிசையாக எழுதியிருந்தால் புதிய வீடு அரை மணி நேர வேலை. எழுதியிருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீங்களே சாட்சி.

கேள்வி: லினக்ஸுக்கு வைரஸ் வராது என்று நம்பித்தான் மாறினேன். வைன் போட்டால் விண்டோஸ் வைரஸ் வருமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: துபாஷி நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை, யார் பேசினாலும் மொழிபெயர்ப்பான். விண்டோஸ் வைரஸ் பல வைனிலும் ஓடும். போதாக்குறைக்கு, வைன் உங்கள் லினக்ஸ் முழுவதையும் இசட் டிரைவ் என்று காட்டி வைத்திருக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரகம் ஒன்று உள்ளே வந்தால் பொய் விண்டோஸோடு நிற்காது, உங்கள் பேரக்குழந்தை போட்டோ வரைக்கும் போகும். வைன் கான்ஃபிக்கில் டிரைவ்ஸ் பக்கத்துக்குப் போய் இசட்டை எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களுக்கு இருக்கும் இணைப்புகளையும் அங்கேயே வேறு பக்கத்தில் துண்டிக்கலாம். இதுவும் முழுப் பூட்டு ஆகாது, சாதாரணத் திருடனுக்கான தாழ்ப்பாள். வைனை மட்டும் ஒருபோதும் சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தில், ஓட்டாதீர்கள். கடையில் வந்து 'அனுமதி இல்லைன்னு வந்துச்சு, சூடோ போட்டேன்' என்று சொல்பவர்களிடம் நான் இருமடங்கு கூலி வாங்குகிறேன்.

கேள்வி: எங்கள் டிசைன் சாஃப்ட்வேருக்கு யுஎஸ்பி லாக் உண்டு, அதை மாட்டினால்தான் ஓடும். வைனில் சாஃப்ட்வேர் ஏறுகிறது, 'லாக் இல்லை' என்கிறது. லாக் மாட்டித்தான் இருக்கிறது.
– எம்பிராய்டரி யூனிட், திருப்பூர்

பதில்: விட்டுவிடுங்கள். லாக்கைப் படிக்கும் டிரைவர் விண்டோஸின் அடிவயிற்றில், கெர்னலில் உட்கார வேண்டியது. வைன் மேல்தளத்துப் பேச்சை மட்டும் மொழிபெயர்ப்பது, கீழே லினக்ஸ் கெர்னல்தான் இருக்கிறது. லாக் கம்பெனியே லினக்ஸ் டிரைவர் தந்தால் சிலவற்றில் வழி பிறக்கும். இல்லையென்றால் விர்ச்சுவல் மெஷின் போட்டு, யுஎஸ்பியை உள்ளே அனுப்பும் வசதியால் லாக்கைக் கொடுங்கள். லாக்கை உடைத்த கோப்பு என்று யாராவது டெலிகிராமில் தந்தால், மேலே திருநெல்வேலி வாசகிக்குச் சொன்னதை ஒருமுறை படியுங்கள்.

கேள்வி: பையன் பிளஸ் டூ. லினக்ஸ் போட்டால் கேம் ஓடாது, படிப்பான் என்று நினைத்துப் போட்டேன். ஓடுகிறதே?
– தகப்பனார், ஓசூர்

பதில்: ஓடும் சார். வால்வ் கம்பெனி 2018 ஆகஸ்டில் வைனின் மேல் புரோட்டான் என்று ஒன்றைக் கட்டித் தன் கேம் கடையான ஸ்டீமோடு சேர்த்துவிட்டது. இன்றைக்கு வைன் இவ்வளவு வேகமாக வளர்வதற்கே விளையாட்டுப் பிள்ளைகள்தான் ஒரு பெரிய காரணம், உங்கள் மகனும் அதற்குக் கொஞ்சம் பங்களித்திருக்கிறான். ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் காவல் புரோகிராம் வைத்த சில ஆன்லைன் கேம்கள் மட்டும் லினக்ஸை உள்ளே விடாது. எவை என்று இங்கே எழுதினால் அவனும் படிப்பான்.

கேள்வி: வயது 74. சிறிய பைனான்ஸ் நடத்தினேன், இப்போது மூடியாகிவிட்டது. 1995 முதல் உள்ள கணக்கு டாஸில் ஓடும் ஃபாக்ஸ்புரோ 2.6-இல் இருக்கிறது. மகன் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டான். நான் அந்தக் கணக்கைத் திறக்க முடியுமா? எனக்குப் பின் அவன் திறக்க முடியுமா?
– ஓய்வு பெற்றவர், காரைக்குடி

பதில்: ஐயா, முதல் கேள்விக்கு டாஸ்பாக்ஸ். வைன் தேவையில்லை. டாஸ்பாக்ஸ் நிஜமான எமுலேட்டர், அந்தக் காலக் கம்ப்யூட்டரையே பொம்மையாகச் செய்து காட்டும். விளையாட்டுக்காகப் பிறந்தது என்றாலும் ஃபாக்ஸ்புரோவையும் முகம் சுளிக்காமல் ஓட்டும். உங்கள் கணக்கு இருக்கும் ஃபோல்டரை சி டிரைவாக மவுன்ட் செய்யச் சொல்லி மகனிடம் சொல்லுங்கள். நீலத் திரை, அதே மெனு, எல்லாம் வந்துவிடும். அச்சடிக்க வேண்டுமென்றால் அதன் தம்பியான டாஸ்பாக்ஸ் எக்ஸ் மேல், அதில் பிரின்டருக்கு வழி இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு டாஸ்பாக்ஸை நம்பவேண்டாம். ஃபாக்ஸ்புரோ கணக்கை டிபிஎஃப் என்று முடியும் கோப்புகளில் வைத்திருக்கும். அதை லிப்ரே ஆபிஸ் கால்க் அப்படியே திறக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, சாதாரண விரிதாளாக ஒரு நகல் சேமித்துவிடுங்கள். குறிப்புப் பகுதி இருந்தால் அது எஃப்பிடி என்று முடியும் தனிக் கோப்பில் இருக்கும், நகலெடுக்கும்போது அதை விட்டுவிடக்கூடாது. எந்தப் பத்தியில் அசல், எந்தப் பத்தியில் வட்டி என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். ஃபாக்ஸ்புரோவில் பத்தியின் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகாது, அந்தச் சுருக்கமெல்லாம் உங்கள் ஒருவருக்குத்தான் புரியும்.

கோப்பைத் திறக்க முடியாமல் தவித்தால் மகனைவிட்டு எழுதச் சொல்லுங்கள், வழி சொல்கிறேன். கோப்பை மட்டும் எனக்கு அனுப்ப வேண்டாம். காரைக்குடியில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்.